புனர்பூசத்தில் ஒரு பெர்த்: பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை

முதல் நாள், நார்வேயின் பெர்கன்

பெட்டி வரவில்லை. சென்னையில் ஏற்றிவிட்ட பெட்டி நடுவழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் தங்கிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய கம்பளி எல்லாம் அதற்குள்தான். கவுண்டரில் இருந்த பெண் முகவரி கேட்டார். "ஏழு நாளைக்கு எனக்கு முகவரி கிடையாதும்மா, கப்பலில் போய்க்கொண்டே இருப்பேன்" என்றேன். எந்தக் கப்பல் என்றார். பெயரைச் சொன்னதும் கொஞ்சமும் தயங்கவில்லை. "அப்படியானால் டிரோண்ட்ஹெய்மில் கொடுத்துவிடுகிறோம், நாளை மறுநாள் அங்கே நிற்கும்" என்று எழுதிக்கொண்டார். நம் ஊரில் பஸ்ஸின் பெயரைச் சொன்னால் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு வரும் என்று டீக்கடைக்காரர் சொல்வாரே, அப்படி. நான் ஏறப்போவது எந்த மாதிரியான கப்பல் என்பது அப்போதே விளங்கத் தொடங்கிவிட்டது.

தூத்துக்குடியில் 32 வருடம் புவியியல் டீச்சராக இருந்தேன். ஃபியோர்டு என்றால் என்ன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பனியாறு மலையை அரித்துப் பள்ளமாக்கிவிட்டுப் போகும், அந்தப் பள்ளத்தில் கடல் ஏறி நிற்கும். வரைந்த கைக்கு அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட ஆசை. ஓய்வு பெற்று இரண்டாவது வருடம் இந்த மார்ச்சில்தான் கைகூடியது.

போன வருடம் வேறொரு கம்பெனியின் பெரிய கப்பலில் ஒரு வாரம் போய் வந்தேன். மூவாயிரம் பயணிகள், நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி. தனியாக வருகிறவருக்கும் அங்கே இரண்டு பேருக்கான கட்டணம். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே இருந்த தட்டையும் கரண்டியையும் ஒவ்வொரு இரவும் ஒரு பையன் வந்து எடுத்துக்கொண்டு போவான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தனியாக வந்தது குற்றம் போல ஏழு இரவு. இனி கப்பலே வேண்டாம் என்றுதான் ஊர் திரும்பினேன். அதனால் இந்தப் புதுக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் யோசித்தேன்.

ஹவிலா என்பது கம்பெனியின் பெயர். அது புதிது, ஓடும் தடம் பழையது. 1893 ஜூலை 2ஆம் தேதி ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை டிரோண்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் செலுத்தினார். அதற்கு முன்னால் குளிர்காலத்தில் அங்கே ஒரு கடிதம் போய்ச் சேர ஐந்து மாதம் வரை ஆகுமாம். அன்று தொடங்கிய தபால் தடத்தில் இன்று 34 துறைகள், 11 கப்பல்கள். ஏழு கப்பல்கள் ஹுர்டிக்ரூட்டன் என்ற பழைய கம்பெனியுடையவை. மீதி நான்கு ஹவிலாவுக்கு. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 டிசம்பரில்தான் இவர்களுடைய முதல் கப்பல் ஓடியது. மறு வருடமே, அதற்குக் கடன் கொடுத்திருந்த ரஷ்யக் குத்தகை நிறுவனத்தின் மீது தடை வந்ததால், புத்தம் புதுக் கப்பல் பெர்கனில் கட்டிக் கிடக்க நேர்ந்தது. அதையும் தாண்டி நான்கையும் ஓட வைத்திருக்கிறார்கள்.

நான்குக்கும் நட்சத்திரப் பெயர்கள்: கபெல்லா, காஸ்டர், பொலக்ஸ், போலாரிஸ். போலாரிஸ் நம் துருவ நட்சத்திரம். காஸ்டரும் பொலக்ஸும் சேர்ந்த இரட்டைதான் நம் புனர்பூசம். நான் பிறந்த நட்சத்திரம் அது. காஸ்டரில் எனக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போனில் அதைச் சொன்னபோது அக்கா கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

ஏறுவதற்கு முன் மழையில் பிரிக்கன் துறையைப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் மரக் கிடங்குகள். 1702 தீ விபத்துக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே கட்டியவை. தீக்குப் பயந்து கிடங்குகளுக்குள் அடுப்பே மூட்டாமல் ஜெர்மன் வியாபாரிகள் குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். எதற்காக? வடக்கேயிருந்து வந்த கருவாட்டுக்காக. பெர்கன் நகரம் கருவாட்டில் எழுந்த நகரம். தூத்துக்குடிக்காரிக்கு இதைவிட என்ன வரவேற்பு வேண்டும்?

இரண்டாம் நாள், ஓலசுண்ட் வழியாகக் கிறிஸ்தியான்சுண்ட்

விடியற்காலையில் ஸ்டாட் முனையைத் தாண்டும்போது கட்டிலோடு சேர்ந்து ஆடினேன். இந்தக் கடற்கரை முழுவதும் தீவுகள் அரணாக நிற்கும். அந்த அரண் விட்டுப்போகிற சில இடங்களில் ஒன்று ஸ்டாட். என் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணியைச் செலுத்துபவராக, இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போவார். ஆட்டத்தில் அடிவானத்தைப் பார்க்கச் சொல்வார். இருட்டில் அடிவானம் ஏது? கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் குரலை நினைத்துக்கொண்டேன், அடங்கிவிட்டது.

ஓலசுண்டில் இறங்கி ஒரு சுற்று நடந்தேன். 1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்துபோன மர நகரம். பத்தாயிரம் பேர் தெருவில் நின்றார்கள். மூன்றே ஆண்டுகளில் கல்லில் எழுப்பி, மாடங்களிலும் வாசல்களிலும் கொடியும் பூவும் செதுக்கிவிட்டார்கள். மீன்காரர்களின் ஊருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலும்.

இன்றைய நாளின் பெரிய விஷயம் மேஜைதான். இந்தக் கப்பலில் பஃபே கிடையாது. உணவு வீணாவதைக் குறைக்கச் சின்னச் சின்னத் தட்டுகளில் கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எத்தனை தட்டு வேண்டுமானாலும் கேட்கலாம். தனியாக வந்த நால்வரை ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். எனக்கு எதிரே கிறிஸ்தியான்சுண்ட் ஊர்ப் பாட்டி, எண்பதை நெருங்குபவர். பெர்கனில் தங்கையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். அவருக்கு இது சுற்றுலா இல்லை, வீட்டுக்குப் போகிற பஸ். கையில் பின்னல் ஊசி ஓயவே இல்லை.

நான் மெல்லிய பருத்திக் காலுறையோடு உட்கார்ந்திருந்ததை அவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. சாப்பாடு முடிந்ததும் தன் பையைத் திறந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை மேஜைமேல் வைத்தார். சாம்பல் நிறம், கணுக்காலில் இரண்டு வெள்ளைக் கோடு, குதிகாலில் வேறு நூலால் ஒட்டுப் பின்னியிருந்தது. அவர் கணவருடையதாம். வேண்டாம் என்றேன். "கொடுத்துவிடவில்லை. போட்டுக்கொள்ளுங்கள். கிர்கெனெஸில் இறங்கும்போது ரிசப்ஷனில் கொடுங்கள். கப்பல் திரும்பி வரும்போது நான் துறையில் வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அதிலே அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கருவாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் ஊரின் தொழிலே அதுதானாம். கோட் மீனைப் பிளந்து, உப்பிட்டு, கரைப் பாறைகளில் பரப்பிக் காய வைப்பது. பெயர் 'கிளிப்ஃபிஸ்க்', பாறைமீன் என்று சொல்லலாம். போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் போனது. பரப்புவதும், மழை வந்தால் ஓடி அள்ளுவதும், மறுபடி பரப்புவதும் பெண்கள் வேலை. அந்தப் பெண்களுக்கு ஊரில் ஒரு சிலை இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே வெயிலில் குந்தி நெத்திலியைக் கிளறிவிடும் பெண்களை நினைத்துக்கொண்டேன். யாரும் அவர்களுக்குச் சிலை வைக்கவில்லை. வைக்க வேண்டும்.

மோல்டேயைத் தாண்டியதும் ஹுஸ்டட்விகா, இன்னொரு திறந்த கடல். 2019 மார்ச்சில் ஒரு பெரிய பயணிகள் கப்பலின் எஞ்சின்கள் நின்றுபோய், 400க்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தது இங்கேதான். இன்று கடல் அமைதி. கிறிஸ்தியான்சுண்டில் பாட்டி இறங்கினார். திரும்பிப் பார்த்துக் கையசைக்கவில்லை, நேரே போய்விட்டார். ஒன்பது நாளில் காலுறை வந்துவிடும் என்ற நம்பிக்கை.

மூன்றாம் நாள், டிரோண்ட்ஹெய்ம்

பெட்டி இங்கும் வரவில்லை. டிரொம்சோவில் கட்டாயம் வந்துவிடும் என்றார்கள். பழைய துணிக்கடை ஒன்றில் கணுக்கால் வரை தொங்கும் ஜாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு நிடாரோஸ் பேராலயத்துக்கு நடந்தேன். புனித ஓலாவின் கல்லறைமேல் 1070இல் தொடங்கிய கட்டடம். மேற்கு முகப்பில் அடுக்கடுக்காகச் சிலைகள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கழுத்து நமக்கு. ஆனால் சாம்பல் நிறக் கல்லில் சிலை மட்டும், வண்ணம் இல்லாமல், பனித்தூவல் நடுவே பார்ப்பது வேறு.

மாலையில் ரோர்விக். இருபது நிமிடமோ அரை மணியோ நிற்கும். எல்லாரும் மேல்தளத்துக்குப் போக, நான் கீழே சரக்குக் கதவு தெரியும் இடமாகப் பார்த்து நின்றேன். அதை எழுதாமல் தூங்க மாட்டேன்.

கப்பலின் விலாவில் ஒரு பெரிய கதவு திறந்து பாலமாகக் கரையில் படிகிறது. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வண்டுபோலச் சுழன்று உள்ளே வருகிறது, வெளியே போகிறது. பிளாஸ்டிக் தாள் சுற்றிய பலகை மூட்டைகள், டிராக்டர் டயர் நான்கு, ஒரு துணி துவைக்கும் மெஷின், பெயர் எழுதிய மீன் பெட்டிகள். நடுவே ஒரு பையன் ஹாக்கி மட்டையும் தோளில் பையுமாகப் பயணிகள் வாசலில் ஏறினான். அடுத்த ஊரில் ஆட்டமாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் வாயில் ஒரு சொல் இல்லை. மேலே நிற்பவர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இவர் தலையாட்டுகிறார், அவ்வளவுதான். அப்பாவின் தோணியில் வெங்காய மூட்டை ஏறும்போது கேட்கும் கூச்சல் எதுவும் இல்லை. ஆனால் எந்த மூட்டை முதலில் இறங்க வேண்டுமோ அது கடைசியில் ஏற வேண்டும் என்ற கணக்கு ஒன்றேதான். சின்ன வயதில் அந்தக் கணக்கை அப்பா மணலில் கோடு போட்டுச் சொல்லித் தந்திருக்கிறார். கதவு மூடும்வரை நின்றேன்.

போன வருடக் கப்பலில் எனக்கு என்ன குறையாக இருந்தது என்று இன்றுதான் சரியாகப் புரிகிறது. அந்தக் கப்பல் எங்களுக்காக மட்டுமே ஓடியது. எங்களை மகிழ்விப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. ஜோடியாக மகிழாதவளுக்கு அங்கே இடமும் இல்லை. இந்தக் கப்பலுக்கு வேலை இருக்கிறது. நானும் அதில் ஒரு சரக்கு, கிர்கெனெஸ் சீட்டு ஒட்டிய சரக்கு. அது எனக்குப் பெரிய நிம்மதி.

நான்காம் நாள், ஆர்க்டிக் வட்டம், ஸ்வோல்வேர்

காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி எழுப்பியது. விகிங்கன் என்ற மொட்டைப் பாறைத் தீவில் உலோகக் கம்பிகளால் செய்த உலக உருண்டை ஒன்று. 66 டிகிரி 33 நிமிடம். வகுப்பில் உருண்டையைச் சுழற்றி, புள்ளிக்கோட்டில் விரல் வைத்து, "இதற்கு மேலே கோடையில் ஒருநாளாவது சூரியன் மறையாது, குளிரில் ஒருநாளாவது உதிக்காது" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அந்த விரலுக்குக் கீழே இன்று நான் போனேன். கண்ணில் நீர் வந்தது, குளிர்க் காற்றில் அது கன்னத்திலேயே சில்லிட்டது.

கடல் தேவன் வேடம் போட்டவர் முதுகுக்குள் ஐஸ் கட்டி போடும் சடங்கு நடந்தது. நானும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன். முதன்முதலாக வட்டத்தைக் கடப்பவர்களுக்கு இது முறை.

இவ்வளவு வடக்கே கடல் உறையாமல் இருப்பதே ஓர் அதிசயம். இதே அட்சரேகையில் கிரீன்லாந்து பனிக்கட்டியாகக் கிடக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை உரசிக்கொண்டு போவதால்தான் துறைகள் எல்லாம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. அந்த நீரோட்டம் இல்லையென்றால் இந்தத் தபால் தடமே இல்லை.

பூடோவை விட்டதும் வெஸ்ட்ஃபியோர்டு. பெயரில்தான் ஃபியோர்டு, போகும்போது நடுக்கடல். மூன்று நான்கு மணி நேரம் வாடைக்காற்று கப்பலின் முன்முனையில் அறைந்துகொண்டே வந்தது. பிறகு எதிரே லோஃபோட்டன் தீவுகளின் மலைச்சுவர் எழுந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, கடலிலிருந்து நேரே கிளம்பும் கூர்மலைகள், உச்சியிலிருந்து அலைவரை பனி. கப்பலில் இருந்த யாருமே சில நிமிடம் பேசவில்லை.

ஸ்வோல்வேரில் இரவு ஒன்பது மணி சுமாருக்கு நின்றது. ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்ததும் பாட்டியின் காலுறைமேல் ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தேன். பாலம் தாண்டியதும் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. கருவாடு! ஆனால் நம் கருவாட்டின் காரம் இல்லை. உப்பு வாடையே இல்லாத, ஈரப் பலகையும் பாலும் கலந்தது போன்ற ஒரு வாசம்.

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமாக, கூரை வடிவத்தில் மரச் சட்டங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் கோட் மீன்கள் தொங்கின. தலை நீக்கி, வயிறு கழுவி, இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டி, கழியின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. தாழ்வாகத் தொங்கிய ஒன்றைத் தொட்டேன். வெளித்தோல் காய்ந்த தென்னம்பாளை மாதிரி விறைப்பு. அழுத்தினால் உள்ளே இன்னும் கொஞ்சம் கொடுக்கிறது. காற்று வீசும்போது ஒன்றோடொன்று இடித்து மரக்கட்டை மாதிரி சத்தம் போடுகின்றன.

உப்பே போடுவதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் 'ஸ்க்ரை' கோட் மீன் இந்தத் தீவுகளைச் சுற்றிக் கூடுகிறது. அதே மாதங்களில் இங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. ரொம்பக் குளிர்ந்தால் சதை உறைந்து நார் கெடும். சூடு ஏறினால் ஈ வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே காற்றே காய வைக்கிறது. மே வரை தொங்கும். பிறகு இத்தாலிக்குப் போகும், தலைகள் தனியாகக் காய்ந்து நைஜீரியாவுக்குப் போகும். நாம் வெயிலையும் உப்பையும் நம்புகிறோம், இவர்கள் குளிரையும் காற்றையும் நம்புகிறார்கள். கோட் மீனின் நாக்கை அறுக்கும் வேலை மட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்காம். பள்ளிவிட்டு வந்து கத்தியோடு உட்கார்ந்து நாக்கை அறுத்து விற்றுத் தங்கள் காசைச் சேர்ப்பார்கள் என்று மேஜைத் தோழர் ஒருவர் பிறகு சொன்னார்.

கப்பல் ஊதும்முன் ஓடி வந்து ஏறினேன். ஜாக்கெட்டில் அந்த வாசம் இன்னும் இருக்கிறது. துவைக்கப் போவதில்லை.

ஐந்தாம் நாள், டிரொம்சோ

பெட்டி வந்துவிட்டது! துறையிலேயே ஒரு பையன் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றான். எல்லாம் பத்திரம். ஆனாலும் பாட்டியின் காலுறையை மாற்ற மனம் வரவில்லை.

பாலத்தைத் தாண்டி, 1965இல் கட்டிய ஆர்க்டிக் பேராலயத்தைப் பார்த்தேன். முக்கோணம் முக்கோணமாக அடுக்கிய வெள்ளைக் கட்டடம். பார்த்தவுடன் எனக்கு நேற்றைய மீன் சட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. காலை உணவில் பழுப்புப் பாலாடைக்கட்டி சாப்பிட்டேன். மோர்த் தெளிவைக் கருகாமல் சுண்டக் காய்ச்சிச் செய்வது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டது போல. மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

இரவு பத்தேகாலுக்கு அறைக்குள் அறிவிப்பு: இடப்பக்கம் வட ஒளி. இருந்த எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மேலே போனேன். முதலில் ஏமாற்றம். சாம்பல் நிற மேகம் ஒன்று வளைந்து கிடந்தது, அவ்வளவுதான். கண் இருட்டுக்குப் பழகப் பழக அது பச்சையாகியது. பிறகு நகர்ந்தது. வாசலில் கோலப்பொடியைக் கையிலிருந்து இழையவிடும்போது காற்று அடித்தால் கோடு அலைந்து கலையுமே, அந்த அசைவு. ஒரு கோடு இரண்டாகி, கீழ்விளிம்பு மட்டும் பளிச்சென்று, மேலே போகப்போக மங்கி, தலைக்கு நேர்மேலே வந்து சுருண்டது.

சூரியனிலிருந்து வரும் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவப் பக்கம் இழுக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்களில் அவை மோதும்போது இந்தப் பச்சை பிறக்கிறது. பாடம் நடத்தியபோது சொன்ன அதே வாக்கியம். அங்கே நின்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனால் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார். புகைப்படத்தில் நிறம் அடர்த்தியாக விழுகிறது, கண்ணுக்கு அவ்வளவு அடர்த்தி இல்லை. ஆனால் அந்த நகர்வு படத்தில் வராது.

ஆறாம் நாள், வடமுனையும் போட்ஸ்ஃபியோர்டும்

ஹொன்னிங்ஸ்வோகில் இறங்கி நோர்ட்கப் முனைக்குப் பஸ். குளிர்காலத்தில் கடைசிப் பகுதியில் தனியாக வண்டி ஓட்டவிடுவதில்லை. பனி தள்ளும் வண்டி முன்னால் போக, எல்லா வண்டியும் அதன் வாலைப் பிடித்தபடி வரிசையாகப் போக வேண்டும். ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கமும் வெள்ளை, நடுவே ஓர் ஆரஞ்சு விளக்கு. 307 மீட்டர் உயரக் குன்றின் விளிம்பில் நின்றேன், அட்சரேகை 71 டிகிரி 10 நிமிடம். அங்கே இருக்கும் உருண்டையை எல்லாரும் படம் பிடித்தார்கள். நான் கடலைத்தான் பார்த்தேன். இதற்கு அப்பால் ஸ்வால்பார்டு, பிறகு பனி.

இந்தப் பகுதியில் பழைய வீடே இல்லை. 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க் என்ற இந்த வடகோடி மாகாணத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டுப் போனது. ஹொன்னிங்ஸ்வோகில் மிஞ்சியது தேவாலயம் ஒன்றுதான். திரும்பி வந்த மக்கள் வீடு கட்டும்வரை அதிலேயே தங்கியிருக்கிறார்கள்.

இன்று மாலை நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

கஃபேயில் தனியாக உட்கார்ந்து அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வைத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "தங்கச்சி இந்தியாவோ?" திரும்பினேன். அறுபதைத் தாண்டியவர், நரைத்த மீசை, நீல வேலைச் சட்டை. யாழ்ப்பாணத் தமிழ். டிரொம்சோவில் மகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறாராம்.

"வீடு எங்கே அண்ணா?"

"போட்ஸ்ஃபியோர்ட். இண்டைக்கு நடுச்சாமத்தில இறங்கிடுவன்."

வரைபடத்தில் அந்த ஊர் எனக்குத் தெரியும். மீன் பதனிடும் ஆலைகளின் ஊர். அங்கே தமிழர்கள் இருப்பார்கள் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருந்ததில்லை.

அவர் எண்பதுகளின் கடைசியில் வந்தவர். அப்போது நார்வேயின் மக்கள் உயர்கல்விப் பள்ளிகளில் இடம் கிடைத்தால் விசா கிடைக்கும். ஊரில் சண்டை. கிடைத்த வழியில் பலர் வந்தார்கள். ஒரு வருடப் படிப்பு முடிந்ததும் வேலை வேண்டும். வேலை இருந்தது வடக்கே, மீன் ஃபக்டரியில்.

"முதல் மாசம் விரல் விறைச்சுப் போகும் தங்கச்சி. கத்தி கையில இருக்கிறதே தெரியாது. நவம்பர் கடைசியில சூரியன் போயிட்டுது. ரெண்டு மாசம் வரேல்ல. ஆருக்கும் சொல்லாமல் அழுதனான்."

"பிறகு?"

"பிறகென்ன, ஜனவரியில திரும்ப வந்தது. ஃபக்டரியில எல்லாரும் வேலையை விட்டிட்டு வெளியில வந்து நிண்டம். நோர்வேக்காரரும் நாங்களும்."

ஒரு காலத்தில் ஃபக்டரிக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் "எங்கட ஆக்கள்தான்" என்றார். பிள்ளைகள் படித்து ஒஸ்லோவுக்குப் போகப்போக, பெற்றோரும் பின்னால் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. எனக்குத் தெரியாத இன்னொரு கதையும் சொன்னார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம், 1956இல் நார்வே வந்தவர். பின்னாளில் நார்வேக்காரர்களின் உதவியைத் திரட்டிக் காரைநகரில் சீநோர் படகுத் தொழிற்சாலை எழக் காரணமாக இருந்தவர். "எங்கட அப்பா சீநோர் வள்ளத்திலதான் தொழிலுக்குப் போனவர்" என்றார். என் அப்பா தோணித் தண்டல் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மாலத்தீவுத் தடமா, கொழும்புத் தடமா, எத்தனை பேர் ஏறுவார்கள், பாய் எந்தத் துணி, இரண்டு மணி நேரம் கேள்விமேல் கேள்வி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்களைச் சொல்லிச் சரிபார்த்தோம். கடலின் இரு கரையிலும் காற்றுக்கு ஒரே பெயர். வெளியே பேரன்ட்ஸ் கடல் கண்ணாடியில் பனியை அப்பிக்கொண்டிருந்தது.

நள்ளிரவு தாண்டிப் போட்ஸ்ஃபியோர்டுக்குள் நுழைந்தோம். இருபுறமும் வெள்ளை மலை, உள்ளே போகப்போக விளக்குகள். ஆலைகளின் ஜன்னல்கள் அந்த நேரத்திலும் எரிந்தன. சரக்குக் கதவு திறந்தது. அண்ணா தன் பையை எடுத்துக்கொண்டு, "அடுத்த முறை எங்கட வீட்ட இறங்கவேணும். வேற கதை இல்லை" என்றார். கரையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காருக்குப் பக்கத்தில் குல்லாய் போட்ட பெண் ஒருவர் நின்றார். அவரிடம் இவர் ஏதோ சொல்லி மேலே கைகாட்டினார். அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பதினைந்து நிமிடத்தில் கதவு மூடிவிட்டது.

இப்போது மணி இரண்டாகப் போகிறது. தூக்கம் வரவில்லை.

ஏழாம் நாள், கிர்கெனெஸ்

வார்டோ தூக்கத்தில் போய்விட்டது. வாட்சோவில் விழித்தேன், வெளியே ரோஜா நிற வெளிச்சம். காலை ஒன்பது மணி சுமாருக்குக் கிர்கெனெஸ். தெருப் பெயர்ப் பலகைகளில் ரஷ்ய எழுத்தும் இருக்கிறது, எல்லை பக்கத்தில்தான். இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே நிற்கிறேன் என்பதை வரைபடத்தை விரித்து இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

நேற்றிரவே காலுறையைக் குளியலறையில் அலசி, சூடேற்றியின் மேல் போட்டிருந்தேன். காய்ந்திருந்தது. பெட்டியில் கொண்டுவந்திருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை ஒரு காலுறைக்குள் வைத்து, இன்னொன்றால் சுற்றி, தாளில் மடித்து ரிசப்ஷனில் கொடுத்தேன். பாட்டியின் பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்தப் பெண் அதன்மேல் 'கிறிஸ்தியான்சுண்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பின்னால் இருந்த அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே மூன்று நான்கு பொட்டலம் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயர்.

விமானத்துக்கு நேரம் இருந்தது. துறை ஓரத்துப் பனிமேட்டில் நின்றுகொண்டேன். பன்னிரண்டரைக்கு காஸ்டர் கயிற்றை அவிழ்த்து, சத்தமில்லாமல் பின்வாங்கி, ஃபியோர்டுக்குள் திரும்பியது. கீழே சரக்குத் தளத்தின் கதவு மூடியிருந்தது. நாளை மறுநாள் ஸ்வோல்வேர், அதற்கு மறுநாள் ரோர்விக், அதற்கும் மறுநாள் கிறிஸ்தியான்சுண்ட்.